கணினித் துறை: வாய்ப்பும் காப்பும்

பொருளீட்டும் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்வதும் கடல் கடந்து செல்வதும் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியன அல்ல. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களின் வரலாற்றைப் பயணங்களின் வரலாறு என்றே கூறலாம். ரங்கூனும் கொழும்பும் பினாங்கும் சிங்கப்பூரும் நம் பாட்டனார் காலத்துத் தொழிற்களங்கள். துபாயும் ரியாதும் குவைத்தும் நம் தந்தையர் காலத்துத் தொழிற்களங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கண்ணாடி மாளிகைகளாய் உயர்ந்து நிற்கும் கணினி நிறுவனங்கள் இன்று நம் பிள்ளைகளின் கனவுக் களங்களாகியுள்ளன. பயணத்தின் திசை மாறியிருக்கிறது, நோக்கம் மாறவில்லை.

கல்லூரியில் சேர்க்கை நடைபெறும் நாள்களில் பெற்றோர் நம்மிடம் தவறாது கேட்கும் வினாக்கள் இரண்டு. 'கணினி படித்தால் வேலை கிடைக்குமா?' என்பது ஒன்று. 'கிடைத்த வேலை நிலைக்குமா?' என்பது மற்றொன்று. முதல் வினா முப்பது ஆண்டுகளாகக் கேட்கப்படுவது. இரண்டாம் வினாவோ அண்மைக் காலத்தில் அச்சத்தோடு கேட்கப்படுவது. மொழி கற்பிப்போர்க்கு இதில் என்ன வேலை எனச் சிலர் நினைக்கலாம். நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவனின் வாழ்வு எதுவோ, அது நம் துறைக்கும் உரியதே. ஆகவே இவ்விரு வினாக்களுக்கும் நமக்குத் தோன்றும் விடையை இம்மலரின் வழியே மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் முன்வைக்க விழைகிறோம்.

விடையை முதலிலேயே கூறிவிடலாம். கணினித் துறையில் வாய்ப்பு உண்டு. ஆனால் காப்பு என்பது நிறுவனம் தரும் பொருளன்று. மாணவனும் அவன் குடும்பமும் சமுதாயமும் சேர்ந்து கட்டிக்கொள்ள வேண்டிய ஒன்று. இதனை உணராமல் வாய்ப்பையே காப்பு என்று மயங்கி நிற்பதுதான் இன்றைய சிக்கல்.

திறந்த கதவு

1991இல் இந்தியப் பொருளாதாரக் கொள்கை மாற்றம் பெற்றது. மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் தோன்றின. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களையே பயன்படுத்திய பழைய கணினி நிரல்கள் 2000ஆம் ஆண்டில் குழம்பிவிடுமோ என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. அவற்றைத் திருத்தும் பணி இந்திய இளைஞர் பல்லாயிரவர்க்கு மேலைநாடுகளின் வாயிலைத் திறந்துவிட்டது. 2000 சூலையில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. மாமல்லபுரம் செல்லும் பழைய சாலை, கணினி நெடுஞ்சாலையாக உருமாறியது. 2025ஆம் நிதியாண்டில் இந்தியாவில் இத்துறையில் பணிபுரிவோர் ஏறத்தாழ 58 இலட்சம் பேர்.

இந்த வளர்ச்சி நம் சமுதாயத்திற்குத் தந்த நன்மை சிறிதன்று. அரசுப் பணிகளில் முஸ்லிம்களின் பங்கு அவர்களது மக்கள்தொகை விகிதத்தை விடக் குறைந்திருப்பதை 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டில் 2007இல் முஸ்லிம்களுக்கு மூன்றரை விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. ஆயினும் அரசுப் பணியிடங்கள் எண்ணிக்கையில் வரம்புடையன. இந்நிலையில், பரிந்துரை தேடி அலையாமல், தேர்வெழுதி, நேர்காணலில் பேசி, முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவன் மாத ஊதியம் பெறும் நிலையைக் கணினித் துறை உருவாக்கியது. தோல் பதனிடும் தொழிலாளியின் மகனும் பள்ளிவாசல் மோதினாரின் மகளும் அவ்வாயிலில் நுழைந்து குடும்பத்தை நிமிர்த்தியதை நாம் கண்டிருக்கிறோம். எனவே, இத்துறையைப் பழித்து மாணவரை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று.

அசையும் தூண்கள்

நன்மையைக் கண்ட கண் இடரையும் காணவேண்டும். 2000 மார்ச்சில் உச்சம் தொட்ட அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குச் சந்தை அதன்பின் சரிந்தது. வேலை இழந்து தாயகம் திரும்பினோர் பலர். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தது. அதன் அதிர்வு இந்திய நிறுவனங்களையும் தாக்கியது. 2009 சனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது, ஏறத்தாழ 50,000 ஊழியரின் குடும்பங்கள் உறக்கமிழந்தன. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 சனவரியில் கூகுள் 12,000 பேரையும் விடுவிப்பதாக அறிவித்தன. இந்தியாவின் மிகப்பெரிய கணினி நிறுவனமாகிய டி.சி.எஸ். தன் பணியாளருள் இரண்டு விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்க இருப்பதாக 2025 சூலையில் தெரிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்கள்.

புதியவர் நிலையும் எளிதன்று. 2022இல் தெரிவு செய்யப்பெற்று, ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்து, இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மைசூருப் பயிற்சி வளாகத்தில் சேர்ந்தோருள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் 2025 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டனர். உள்மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் அவர்கள் தேர்ச்சி பெறவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். பெருநிறுவனங்கள் தொடக்கநிலைப் பணியாளர் பலருக்குத் தரும் ஊதியமோ, பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு இலட்ச ரூபாய் என்ற அளவிலேயே நிற்கிறது. அதே காலத்தில் அரிசி விலையும் சென்னை வீட்டு வாடகையும் அவ்வாறு நின்றுவிடவில்லை.

இவ்வாறு நேர்வதற்கான காரணத்தை மாணவர் விளங்கிக்கொள்ளல் வேண்டும். இந்தியக் கணினி நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளரிடமிருந்து வருவது. நியூயார்க்கில் ஒரு வங்கி தன் செலவைச் சுருக்கினால் சோழிங்கநல்லூரில் ஒருவரின் இருக்கை காலியாகிறது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் எச்-1பி விசாவுக்கான புதிய விண்ணப்பங்களின் மீது 1,00,000 டாலர் கட்டணத்தை அறிவித்தபோது, நம் ஊர்களிலும் கவலை சூழ்ந்ததை எண்ணிப் பார்க்கலாம். அன்றியும், இந்நிறுவனங்கள் கூம்பு வடிவில் அமைந்தவை. அடியில் குறைந்த ஊதியம் பெறும் இளைஞர் பலர்; மேலே செல்லச் செல்ல இடங்கள் சில. எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தனர் என்று கணக்கிட்டுக் கட்டணம் பெறுவதே நெடுங்கால வழக்கம். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், எளிய நிரல் எழுதுதல், சோதித்தல், பிழை திருத்தல் ஆகிய தொடக்கநிலைப் பணிகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விரைந்து செய்யத் தொடங்கிவிட்டன. கூம்பின் அடித்தளமே சுருங்கினால் அதில் கால்வைக்கக் காத்திருக்கும் நம் மாணவரே முதலில் பாதிப்புறுவர்.

முன்னோர் கற்ற பாடம்

இத்தகைய அதிர்ச்சி நமக்கு முதன்முறை நேர்வதன்று. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டுகள் விழுந்தன. இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் தாயகம் திரும்பினர். போருக்குப்பின் மீண்டும் சென்று கடை திறந்தோரை, 1962இல் அமைந்த இராணுவ ஆட்சியின் நாட்டுடைமைக் கொள்கை வெறுங்கையோடு அனுப்பியது. 1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது, 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர் பெரும்பாலும் அம்மான் வழியாக மீட்டுக் கொண்டுவரப்பெற்றனர். நிலையானது என்று நம்பிய ஒவ்வொரு களமும் ஒருநாள் அசைந்திருக்கிறது.

ஆயினும் பர்மாவிலிருந்து திரும்பியோர் முற்றிலும் அழிந்துபோகவில்லை. சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தின் எதிரே 1969இல் உருவான பர்மா பஜார் அதற்குச் சான்று. கடையும் சரக்கும் பறிபோயின. வணிகம் செய்யும் அறிவு பறிபோகவில்லை. பறிக்க இயலாத அறிவே காப்பு என்னும் இப்பாடத்தைக் கணினிக் காலத்திற்கும் பொருத்திக் காண்பது நம் கடமை.

மாணவர்க்கு

முதலாவதாக, கருவியைக் கற்பதற்கும் கலையைக் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணரவேண்டும். ஒரு காலத்தில் கோபோல் என்றார்கள். பின்னர் விஷுவல் பேசிக் என்றார்கள். அதன்பின் ஜாவா என்றார்கள். இன்று பைதான் என்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பயிற்சி நிலையமும் ஒரு கட்டணமும் உண்டு. மூன்று மாதத்தில் கருவி ஒன்றைக் கற்றவன் அக்கருவி வழக்கொழியும்போது தானும் வழக்கொழிகிறான். தருக்கம், கணிதம், தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு ஆகிய அடிப்படைகளில் ஊன்றியவன் புதிய கருவியைச் சில வாரங்களில் வசப்படுத்திக்கொள்கிறான். இவ்வடிப்படைகளை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் பேராசிரியர்கள் கற்பிக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் கட்டணமின்றிக் கற்கக் கிடைக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே சிறு கட்டணம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் கல்லூரி மாணவர்க்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. இவற்றைப் பயன்படுத்தாமல், அன்னையின் நகையை அடகு வைத்துத் தனியார் பயிற்சிக்குப் பணம் கட்டுவது அறியாமையே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே கணினி உலகின் 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது. இதனை மேடைகளில் கூறிப் பெருமிதம் கொள்கிறோம். அப்பெருமிதத்திற்கு நாம் உரியவராக வேண்டுமாயின், அவர் செய்த கணக்கை நம் பிள்ளைகள் அஞ்சாமல் செய்யவேண்டும். கணிதத்தைக் கண்டு ஒதுங்குவோர்க்கு அல்குவாரிஸ்மியின் பெயர் துணைசெய்யாது.

இரண்டாவதாக, மொழித்திறனைச் சொல்லவேண்டும். இதனைத் தமிழாசிரியரின் பற்று என்று ஒதுக்கிவிட வேண்டா. வாடிக்கையாளர் சொல்வதைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளுதல், அதனை வரிசைப்படுத்தி எழுதுதல், செய்த வேலையைப் பிறர் விளங்க எடுத்துரைத்தல் ஆகியவை கணினிப் பணியின் பாதி. செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குத் தெளிவாக ஆணையிடவும், அது தரும் விடையில் பொய்யும் பிழையும் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கவும் கூர்ந்து வாசிக்கும் பழக்கமே உதவுகிறது. தாய்மொழியில் ஒரு பத்தியைத் தெளிவாக எழுத இயலாதவர் ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுவதை நாம் நாள்தோறும் விடைத்தாள்களில் காண்கிறோம். ஆங்கிலம் இன்றியமையாதது, அதற்குத் தமிழ் தடையன்று, படிக்கட்டு.

மூன்றாவதாக, கலைப் பிரிவு மாணவர் தமக்கு இத்துறையில் கதவே இல்லையென்று சோர்வடையத் தேவையில்லை. வணிகவியல் அறிந்தவர் கணக்கு மென்பொருளிலும், வரலாறு பயின்றவர் ஆவண மின்மயமாக்கத்திலும் பணிபுரியலாம். தமிழ் பயின்றவர்க்கும் இடமுண்டு. 1991இல் யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு 'தமிழ்99' விசைப்பலகையைத் தந்தது. இன்று பேச்சை எழுத்தாக்குதல், மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தல், சொற்பிழை திருத்தி அமைத்தல் ஆகிய பணிகளுக்கு இலக்கணம் அறிந்தோர் தேவைப்படுகின்றனர். அவ்விடங்கள் எண்ணிக்கையில் மிகுதியல்ல. எனினும் இலக்கணத்தோடு சிறிது நிரலாக்கமும் கற்றவர்க்கே அவை உரியன. தொல்காப்பியம் நடத்தும் துறையே கணினித்தமிழையும் முறையாக நடத்தினால் நம் மாணவர் அவ்விடங்களைப் பெறுவர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போர் பெருகியுள்ளனர். நம் மாணவர் ஒருவரின் தந்தை, இடைத்தரகர் ஒருவரை நம்பி ஓர் இலட்ச ரூபாயை இழந்ததை நாம் அறிவோம். தரகர் தந்த பணிநியமனக் கடிதத்தோடு பெங்களூரு சென்றபின்னரே, அப்பெயரில் அங்கு அலுவலகம் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்மையான நிறுவனம் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணிநியமனக் கடிதம் வழங்குவதைக் கட்டாயமாக்கியுள்ளன. அக்கடிதத்தில் பணியின் தன்மை, ஒப்பந்தக் காலம், விலகும்போது தரவேண்டிய முன்னறிவிப்பு ஆகியவற்றைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும்.

குடும்பத்தார்க்கு

நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நம் வீடுகளில் அறியப்படாத ஒன்றன்று. எகிப்து மன்னனின் கனவுக்கு அவர்கள் விளக்கம் கூறியபோது, ஏழாண்டுச் செழிப்பைத் தொடர்ந்து ஏழாண்டுப் பஞ்சம் வரும் என்று உரைத்ததோடு நின்றுவிடவில்லை. செழிப்பின் ஆண்டுகளில் உண்பதுபோக எஞ்சிய தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கும் வழியையும் காட்டினார்கள். கணினித் துறையில் மகனோ மகளோ ஊதியம் பெறத் தொடங்கும் ஆண்டுகள் செழிப்பின் ஆண்டுகள். அவ்வாண்டுகளில் நாம் செய்வது என்ன? முதல் ஆண்டில் தவணையில் வாகனம்; மூன்றாம் ஆண்டில் ஊர் வியக்கும் திருமணம்; ஐந்தாம் ஆண்டில் ஊதியத்தின் பாதியை விழுங்கும் வட்டிக் கடனில் அடுக்குமாடி வீடு. பத்தாம் ஆண்டில் வேலை போகும்போது அடுத்த மாதத் தவணைக்கு வழியில்லை. வட்டியை மார்க்கம் ஏன் விலக்கியது என்பதை அந்நாளில்தான் சிலர் உணர்கின்றனர்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும் செலவாகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. கணினிப் பணியில் இருப்போர் குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். அதன் பின்னரே மற்றவை. பெற்றோரும் உற்றாரும் அதற்கு இடந்தர வேண்டும். 'ஐ.டி. மாப்பிள்ளை' என்று சொல்லிச் சீர்வரிசையின் அளவை உயர்த்துவோர், அந்த ஊதியம் நாற்பது வயதைக் கடந்தும் இப்படியே தொடரும் என்று யார் உறுதி கூறினார் என்பதையும் சிந்திக்கட்டும்.

மற்றொன்றையும் தயக்கமின்றிக் கூறவேண்டும். நம் கல்லூரிகளில் சிறப்பிடம் பெறும் மாணவியரின் சான்றிதழ்கள் பல, திருமணத்திற்குப்பின் பேழையில் உறங்குகின்றன. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப்பின் வீட்டிலிருந்தே பணிபுரியும் முறை பரவியது. இன்று ஓரளவு சுருங்கினும் முற்றிலும் மறையவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் மதிப்புமிக்க வணிகராக விளங்கியவர்கள் என்பதை மீலாது மேடைகளில் முழங்குகிறோம். ஒரு வீட்டில் இருவர் பொருளீட்டும் தகுதியோடு இருப்பின், ஒருவரின் வேலை போகும்போது அடுப்பு அணைவதில்லை. மகளின் கல்வியும் குடும்பத்தின் காப்பே.

சமுதாயத்தார்க்கு

'ரிஸ்க் அளிப்பவன் இறைவன்; நாம் ஏன் இத்துணைக் கவலைப்பட வேண்டும்?' எனப் பெரியோர் சிலர் வினவலாம். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு, அதன் பின்னர் இறைவன் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதே இதற்கு விடை. ஒட்டகத்தைக் கட்டும் பணி நம்முடையது.

அப்பணியில் ஜமாஅத்துகளுக்கும் பங்குண்டு. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் அடங்குவர். கழுத்தில் தங்க நிற அடையாள அட்டை அணிந்து நேற்றுவரை நன்கொடை தந்தவன் இன்று கடனாளியாக நிற்கலாம். வெட்கத்தால் வாய்திறவாமல் இருக்கலாம். அத்தகையோர்க்கு மறைவாக உதவும் வழியைப் பைத்துல்மால்கள் வகுத்தல் வேண்டும். மறு பயிற்சி பெறும் ஆறு மாதங்களுக்கு வட்டியில்லாக் கடன் கிடைத்தால் ஒரு குடும்பம் கந்துவட்டிக்காரரின் வாயிலுக்குச் செல்லாது. துறையில் முன்னேறிய முன்னாள் மாணவர், ஆண்டுக்கொரு முறை விருந்தில் கூடிக் கலைவதோடு அமையாமல், இறுதியாண்டு மாணவர் ஐவருக்கேனும் வழிகாட்டும் பொறுப்பை ஒவ்வொருவரும் ஏற்கலாம்.

நம் கல்லூரி நிர்வாகங்களும் சிந்திக்க வேண்டியது உண்டு. வேலைவாய்ப்பு முகாமில் எத்தனை பேர் தெரிவு செய்யப்பட்டனர் என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறோம். அவர்களுள் எத்தனை பேர் பணியில் சேர்ந்தனர், ஐந்தாண்டுக்குப்பின் எங்கே இருக்கின்றனர் என்பதையும் விசாரித்துப் பதிவு செய்தால், அடுத்து வரும் மாணவர்க்கு அதனினும் நல்ல வழிகாட்டி வேறில்லை.

கணினித் துறையை விட்டு அரசுப் பணிக்கோ வளைகுடாவுக்கோ ஓடுவது இதற்குத் தீர்வாகாது. அங்கும் இடங்கள் குறைவு. அங்கும் சட்டங்கள் மாறுகின்றன. எத்துறையாயினும் கற்பதை நிறுத்தாதவனுக்கும், வரவுக்குள் வாழும் குடும்பத்துக்கும், விழுந்தவனைத் தூக்கும் சமுதாயத்துக்கும் நாளைய பொழுது பெரும் அச்சம் தருவதில்லை. கணினித் துறையில் மாற்றத்தின் வேகம் மிகுதியாகையால் அங்கு இம்மூன்றும் மற்றெங்கினும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறும் மாணவச் செல்வங்கள் தயங்காது இத்துறையில் நுழையட்டும். நுழையும் நாளிலேயே, இவ்வேலை ஒருநாள் போகலாம் என்பதை மனத்தில் இருத்தி, அந்நாளுக்குரிய கல்வியையும் சேமிப்பையும் தேடிக்கொள்ளட்டும். அவர்தம் முயற்சிக்கு வல்ல இறைவன் துணைநிற்பானாக.